கிரில்காரர் காட்டிய இடம்

ஸ்கேன் அறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு,

என் வழியனுப்பு விழா அன்று மைக்கை என் கையில் கொடுத்தீர்கள். "எல்லாருக்கும் நன்றி, கேக் நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கேக்கை அப்போது இன்னும் வெட்டியிருக்கவில்லை. நீங்கள் சிரித்த சிரிப்பு வீட்டுக்கு வந்த பிறகும் காதில் இருந்தது. நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுத ஓரளவு வரும். அதனால் அன்று சொல்ல நினைத்ததை எழுதி உங்கள் மேஜை இழுப்பறையில் வைக்கச் சொல்லி அனுப்புகிறேன்.

நான் உங்களைப் போல இதற்கென்று படித்தவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்போடு சரி. என் கணவருக்கு ஆவடித் தொழிற்சாலையில் வேலை, குவார்ட்டர்ஸ் வாசம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு பகலில் சும்மா இருக்கிறோமே என்றுதான் வேலப்பன்சாவடியில் நம் கண் மருத்துவமனைக்கு வந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விடும் வேலை. பிறகு கண்ணின் உட்புறத்தைப் படமெடுக்கும் ஸ்கேன் மிஷின் வந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் சில மாதங்களில் வேறு ஊருக்குப் போய்விட்டார். "இந்த அம்மா சத்தம் போடாம வேலை செய்யுது, இதை உட்கார வையுங்க" என்று யாரோ சொல்ல, என்னை உட்கார வைத்தார்கள்.

சத்தம் போடாததுதான் அங்கே எனக்கு முதல் தொந்தரவு. "மிஷினுக்குள்ள தெரியற பச்சைப் புள்ளியைப் பாருங்க" என்று நான் சொல்வது யார் காதிலும் விழாது. அவர்கள் கூரையைப் பார்ப்பார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். எங்கள் கோயிலுக்கு வரும் ஒரு பெரியவர், தாடையைத் தாங்கியில் வைத்து நெற்றியைப் பட்டையில் சாய்த்ததும் கண்ணை மூடிக்கொண்டார். வலிக்கிறதோ என்று பயந்து கேட்டேன். "தலை குனிஞ்சா தன்னால ஜெபம் வந்துடுதும்மா" என்றார். அவர் ஆமென் சொல்லும்வரை காத்திருந்து படம் எடுத்தேன். அருமையான படம்.

ஆமாம், நான் எடுக்கும் படங்கள் நன்றாக இருக்கும். இதைச் சொல்லவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் செய்த பெரிய தவறு அங்கேதான் ஆரம்பித்தது என்பதால் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் நம் அறையில் ஒரு வழக்கம் இருந்தது. நோயாளி கண் சிமிட்டினாலோ அசைந்தாலோ படம் உடையும், வளையும், கறுப்புக் கறுப்பாகக் கோடு விழும். அப்படிப்பட்டதை அங்கேயே அழித்துவிட்டு, சுத்தமான படத்தை மட்டும் டாக்டருக்கு அனுப்புவோம். அழுக்குத் துணியோடு விருந்தாளி முன்னால் போய் நிற்கக் கூடாது என்பது மாதிரி. "ஸ்டெல்லா அக்கா படம்னா கண்ணாடி" என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகவே இன்னும் நாலு படங்களை அழிப்பேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஏழுமலை வந்தார்.

குமணன்சாவடியில் கிரில் பட்டறை வைத்திருந்தார். ஜன்னல் கிரில், மாடிப்படிக் கைப்பிடி, கேட் எல்லாம் செய்கிறவர். மனைவி கஸ்தூரி கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தார். சொட்டு மருந்து விட்டு வெளியே உட்கார வைத்திருந்தோம். அறைக் கதவு திறந்திருந்ததால் பேச்சு எனக்குக் கேட்டது.

"இன்னா ஆஸ்பத்திரி இது. வாசல்ல கேட்டே கோணலா கீது" என்றார் ஏழுமலை.

எதிரே நின்ற செக்யூரிட்டி அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாத்தே, கேட்டு நேராத்தான் கீது. கோணல் உன் கண்ணுல. அதுக்குத்தானே வந்துகிற?"

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கஸ்தூரியும் சிரித்தார். "இத்தத்தான்யா ஒரு மாசமா நானும் சொல்றேன். பட்டறையில பசங்க அடிச்ச கேட்ட கோணல்னு சொல்லி மூணு வாட்டி அறுக்க வச்சாரு. நாலாவது வாட்டி அறுக்கச் சொன்னா நாங்க வேற பட்டறைக்குப் போறோம்னு பசங்க சொல்லிட்டாங்க. நான் மட்டக்கோல் வச்சிக் காட்டினேன். மட்டக்கோலே கோணல்ன்றாரு."

"உனுக்கு இன்னாடி தெரியும், மட்டக்கோலுக்கும் கண்ணுக்கும்" என்றார் அவர். ஆனால் குரலில் வேகம் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, "கண்ணுதான் என் மட்டக்கோலு. அது போச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அவருடைய வலக்கண்ணில் விழித்திரையின் மேல் சவ்வு படர்ந்திருந்தது. உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆறின பாலில் ஆடை படிகிற மாதிரி படியும். அந்த ஆடை சுருங்கினால் அடியில் உள்ள திரையையும் சேர்த்து இழுக்கும். அப்போது நேர்கோடு நெளியும். நம் மிஷின் வெறும் ஒளியை அனுப்பியே, கேக்கை வெட்டாமல் அதன் அடுக்குகளைக் காட்டுகிற மாதிரி, திரையின் அடுக்குகளைக் காட்டும். நல்ல கண்ணில் நடுவே இட்லித் தட்டுக் குழி மாதிரி ஒரு சின்னப் பள்ளம் இருக்கும். சவ்வு இழுத்தால் அந்தப் பள்ளம் மேடாகும். இன்னும் இழுத்தால் அங்கே ஓட்டை விழலாம். ஓட்டை விழுந்துவிட்டால், பார்க்கிற எதிலும் நடுப்பகுதி மறைந்துபோகும்.

ஏழுமலை சும்மா உட்காரும் மனிதர் இல்லை. மிஷினுக்குள் பார்க்கச் சொன்னால், "இது எந்த ஊரு வெல்டிங்கு?" என்று தாடைத் தாங்கியின் கம்பியைத் தடவிக்கொண்டிருந்தார். நாலு தடவை எடுத்தேன். இரண்டில் கண் சிமிட்டிவிட்டார். ஒன்றில், நடுவுக்குப் பக்கத்தில், சட்டைத் துணியைக் கிள்ளித் தூக்கியது போல ஒரு கூம்பு, அதன் அடியில் கறுப்பு. அசைந்துவிட்டார் என்று நினைத்து அதையும் அழித்தேன். கடைசிப் படம் கண்ணாடி மாதிரி வந்தது. மேலே மெல்லிய சவ்வு, நடுவில் லேசாக மேடு, மற்றபடி அடுக்குகள் ஒழுங்கு. அதை அனுப்பினேன்.

நம் டாக்டரம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகியிருக்காது. என் மூத்த பெண்ணைவிட நாலு வயது பெரியவர். ஆனாலும் அவர் அறைக்கதவைத் தட்டப் போய், தட்டாமலே இரண்டு தடவை திரும்பி வந்துவிடுவேன். அன்று அவர் படத்தைப் பார்த்தார், கண்ணைச் சோதித்தார், "சவ்வு லேசாத்தான் இருக்கு. இப்ப ஆபரேஷன் வேண்டாம். ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்றார். என்னிடம் வந்த படத்துக்கு அதுதான் சரியான பதில்.

வெளியே வந்த ஏழுமலை, என் கதவுக்கு நேரே நின்று மனைவியிடம் புலம்பினார். "ஆறு மாசம் வரைக்கும் கோணல் கேட்டு அடிச்சிகினு இருக்கணுமா?"

"லேசுன்னுதான சொல்றாங்க. நிம்மதியா வா."

"லேசாம். தா பாரு." டோக்கன் சீட்டைச் சுவரில் வைத்து, இடக்கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, விரலால் தொட்டார். "நடுவுல பாத்துகினு இருந்தேன்னா, அதுக்கு ஒரு நூல் கீழ. எந்தக் கோடு வந்தாலும் அங்கதான் வந்து குனியுது. காலையில பாத்தாலும் அங்கதான், சாயங்காலம் பாத்தாலும் அங்கதான். பக்கத்துல கூட இல்ல."

இரும்பு வேலைக்காரர்கள் அங்குலத்தை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கை நூல் என்பார்கள். அவ்வளவு துல்லியமாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

நான் தாடைத் தாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அடுத்த டோக்கன்காரர் வந்து உட்கார்ந்துவிட்டார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தேன். எந்தக் கோடு வந்தாலும் அதே இடம் என்கிறார். அசைவதால் வரும் கோணல் ஒரே இடத்தில் வராது. நான் அழித்த படத்திலும் கூம்பு நடுவுக்கு ஒட்டினாற்போலத்தான் இருந்தது. அது அவர் அசைந்ததால் வந்தது என்று எனக்கு யார் சொன்னார்கள்? நானாகத்தான் சொல்லிக்கொண்டேன். படம் அழகாக இல்லை என்பதற்காகச் சொல்லிக்கொண்டேன்.

ஆறு மாதம் அவர் வர மாட்டார். அதற்குள் அங்கே ஓட்டை விழுந்தால், நான் அழித்தேன் என்பது என்னைத் தவிர யாருக்கும் தெரியாது.

டாக்டரம்மாவிடம் முதலில் சொல்வதா, ஏழுமலையை முதலில் பிடிப்பதா? டாக்டர் சாயங்காலம்வரை இங்கேதான் இருப்பார். ஏழுமலை பஸ் ஏறிவிட்டால் எங்கே தேடுவது? உட்கார்ந்திருந்தவரிடம் "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டு வெளியே ஓடினேன். மருத்துவமனைக்குள் நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. செக்யூரிட்டி அண்ணன் பயந்துபோய், "இன்னாம்மா, தீ பிடிச்சிகிச்சா?" என்றார்.

"அந்த கேட் கோணல்னு சொன்னவரு?"

"தா, டீக்கடையாண்ட போனாரு. மருந்து ஊத்தினதுல வெயில்ல கண்ணு கூசுதாம்."

டீக்கடையில் அவர் இல்லை. இன்னும் தள்ளி, பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். பூந்தமல்லி பஸ் வந்துகொண்டிருந்தது. இடையே லாரிகள். கூப்பிட வேண்டும். அந்தப் பதற்றத்தில் அவர் பெயர் மறந்துபோய்விட்டது. சாலை என்பதையும் மறந்து, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கத்தினேன்.

"கிரில்காரரே... கேட்டுக் கோணல் கிரில்காரரே..."

நிறுத்தத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பஸ் டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார். ஏழுமலை படியில் வைத்த காலை எடுத்தார்.

மூச்சு வாங்க அருகில் போய், "தப்பு என் மேலதான். ஒரு படத்தை அழிச்சிட்டேன். திரும்ப எடுக்கணும், வாங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "போட்டோ ஸ்டூடியோ மாதிரி சொல்றியேம்மா. நான் கண்ண மூடிகினேனா?"

"இல்ல. நீங்க சரியாத்தான் இருந்தீங்க."

"கேட்டுக்கினியாடி?" என்றார் மனைவியிடம். "ஒரு மாசத்துல மொத ஆளு, நான் சரியா இருந்தேன்னு சொல்றது."

திரும்ப வந்ததும், காத்திருந்தவரிடம் மன்னிப்புக் கேட்டு அவருக்கு முதலில் படம் எடுத்து அனுப்பினேன். பிறகு ஏழுமலைக்குக் கட்டம் போட்ட தாளைக் கொடுத்தேன். நடுவில் புள்ளி வைத்த தாள். வழக்கமாக, கோடு வளைகிறதா இல்லையா என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்வோம். அன்று பென்சிலையும் கொடுத்து, வளைகிற இடத்தைக் குறிக்கச் சொன்னேன். ஸ்கேல் வேண்டுமா என்று கேட்டதற்கு, அவர் முகம் மாறியது. "பென்சில் போதும்."

புள்ளிக்கு ஒரு நூல் கீழே, மிளகு அளவில் ஒரு வட்டம் போட்டார்.

கண்ணுக்குள் உலகம் தலைகீழாக விழும் என்பதை நான் வேலையில் சேர்ந்த புதிதில் கேட்டிருந்தேன். அவர் கீழே பார்ப்பது விழித்திரையில் மேலே இருக்கும். மிஷின் ஒவ்வொரு படத்தையும் ஒரு கோட்டின் வழியாகத்தான் எடுக்கும். எனவே நடுவில் ஒரு படம் எடுத்துவிட்டு, அந்தக் கோட்டை மேலே, மயிரிழை மயிரிழையாக நகர்த்தினேன். முதல் கோட்டில் ஒன்றும் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவதில் அந்தக் கூம்பு எழுந்து நின்றது. சவ்வு ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டாற்போலப் பிடித்துத் தூக்க, அடியில் அடுக்குகள் பிரிய ஆரம்பித்திருந்தன. திரும்ப எடுத்தேன், அதே கூம்பு. குறுக்காக எடுத்தேன், அதேதான். நான் வழக்கமாக எடுக்கும் கோடுகளுக்கு இடையே உள்ள சந்தில் அது ஒளிந்திருந்தது. காலையில் ஒரு கோடு தற்செயலாக அதன் மேல் விழுந்து ஒரு தடவை மாட்டியது. மாட்டியதை நானே துரத்திவிட்டேன்.

இந்தத் தடவை ஒரு படத்தையும் அழிக்கவில்லை. கண் சிமிட்டியது உட்பட எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு டாக்டரம்மா கதவைத் தட்டினேன்.

"டாக்டர், காலையில அவரோட படம் ஒண்ணை நான் அழிச்சிட்டேன். அசைஞ்சிட்டாருன்னு நினைச்சேன். அசையல."

அவர் எழுந்து என் அறைக்கு வந்தார். ஒவ்வொரு படமாக முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்தார். எனக்கு அந்த நேரத்தில் ஆவடிக்கே நடந்து போய்விடலாம் போல இருந்தது.

"எந்த இடம்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்றார் கடைசியில்.

தாளைக் காட்டினேன். பென்சில் வட்டத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஏழுமலை பக்கம் திரும்பினார். "சார், நான் காலையில சொன்னதை வாபஸ் வாங்கிக்கறேன். ஆறு மாசம் இல்ல. இந்த மாசமே சவ்வை எடுத்துடணும். விட்டா அங்க ஓட்டை விழுந்துடும்."

"எடுத்தா நேரா தெரியுமா?"

"முழுசான்னு சத்தியம் பண்ண மாட்டேன். இப்ப இருக்கறதைவிட நேராத் தெரிய நல்ல வாய்ப்பு இருக்கு. புது போன் மேல ஒட்டியிருக்கற மெல்லிசு பிளாஸ்டிக்கை உரிக்கற மாதிரிதான்."

"உரிங்க" என்றார் ஏழுமலை. "என் போன்ல நான் அன்னிக்கே உரிச்சிட்டேன். இவதான் ஒரு வருஷமா உரிக்காம வச்சிகினு கீறா."

போகும்போது டாக்டரம்மா என் தோளைத் தொட்டு நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அக்கா, இனிமே அழகான படத்தை அப்புறம் அனுப்புங்க. அசிங்கமா இருக்கறதை நான் முதல்ல பாக்கணும்" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து டாக்டர் பார்க்கும்வரை எதையும் அழிப்பதில்லை என்று நம் அறையில் வழக்கம் மாறியது. மிஷின் பக்கத்தில் கட்டத் தாளோடு நூல் கட்டித் தொங்கும் அந்தப் பென்சிலும் அன்று வந்ததுதான். யாராவது அதை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள் என்று நீங்கள் கோபப்படுவீர்களே, எடுத்துப் போனால் போகட்டும், வேறு வையுங்கள்.

சவ்வை எடுத்தார்கள். நல்லபடியாக முடிந்தது. ஆனால் உடனே நேராகிவிடவில்லை. முதல் மாதம் வந்தபோது "அப்படியேதான் கீது" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாவது மாதம் கூம்பு தாழ்ந்திருந்தது. "ஒரு நூல் கோணல் அரை நூல் ஆச்சி" என்றார். அடுத்த தடவை வந்தபோது, மிஷின் திரையில் நடுவில் மெல்ல ஒரு பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. நான் பார்த்த படங்களிலேயே அழகான படம் எது என்று கேட்டால் அதைச் சொல்வேன். ஓரத்தில் கொஞ்சம் கறுப்பு, இரண்டு இடத்தில் உடைசல். அப்படியே அனுப்பினேன்.

அன்று கட்டத் தாளில் பென்சிலை வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். எங்கேயும் வட்டம் போடவில்லை. "தாள மூக்காண்ட வச்சி மோந்து பாத்தா லேசா கீது. மத்தபடி நேரு" என்று சொல்லிப் பென்சிலைக் கீழே வைத்தார். கஸ்தூரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பட்டறைப் பசங்க தப்பிச்சாங்க" என்றார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். அவர் வெளியே போய்ப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன்.

ஏழுமலை கேட்டுக்கு முன்னால் நின்று, இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பார்த்தார். "நான் அன்னிக்கே சொன்னேன்" என்றார்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார் செக்யூரிட்டி அண்ணன். "அண்ணாத்தே, ஆபரேஷன் பண்ணியும் சரியாவலியா?"

ஏழுமலை பையிலிருந்து ஒரு கயிற்றை எடுத்து, அதன் நுனியில் ஒரு நட்டைக் கட்டி, கேட்டுத் தூணின் உச்சியிலிருந்து தொங்கவிட்டார். "புடி" என்றார். அண்ணன் பிடித்தார். நட்டு ஆடி நின்றது. மேலே கயிறு தூணை ஒட்டியிருந்தது. கீழே விரல் நுழையும் அளவு விலகி நின்றது.

"அஞ்சு நூல் சாஞ்சு கீது. கீல் இறங்கிப் போச்சி. கேட்டு தரையில இழுத்துகினு வருமே, உனுக்குத் தெரியல?"

செக்யூரிட்டி அண்ணன் கயிற்றைப் பிடித்தபடியே குனிந்து அந்தச் சந்தைப் பார்த்தார். "வருஷக்கணக்கா தூக்கித் தூக்கித்தான் மூடறேன் நைனா" என்றார். "எனுக்குத்தான் தோள்ல ஏதோ கோளாறுன்னு நினைச்சிகினு தைலம் தடவிகினு கீறேன்."

அன்று நான் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த டாக்டரம்மாவே வெளியே வந்துவிட்டார். விஷயம் தெரிந்ததும் அவரும் வாசல் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

பிள்ளைகளே, எனக்குப் பெரிதாக அறிவுரை சொல்லத் தெரியாது. நம் முன்னால் தாடையை வைக்கிறவர் முதல் நாள் ஏதாவது ஒன்றைச் சொல்வார். நாம் சிரித்துவிட்டு மிஷினைத் தட்டுவோம். அவர் சொன்னதையும் ஓரமாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்று அவர் தம் கண்ணைப் பற்றிச் சொன்னதும் சரி, நம் கேட்டைப் பற்றிச் சொன்னதும் சரி. இரண்டையும் நம்பாதவர்கள் நாம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏழுமலை பட்டறைப் பையன்களோடு வந்து கீலை மாற்றித் தூணை நிமிர்த்திக் கொடுத்தார். நாளைக் காலையில் உள்ளே வரும்போது அந்த கேட்டை ஒரு விரலால் தள்ளிப் பாருங்கள். சத்தமே இல்லாமல் போய் மூடிக்கொள்ளும்.

அன்புடன்,
ஸ்டெல்லா அக்கா